படியளந்தவரின் பண்ணை

மாரி மழை விடாமல் பெய்த ஓரிரவில், கிளிநொச்சியில் தங்கை மகனுடைய மடிக்கணினியில், ‘ரீம் ஃபொக்ஸ்கச்சர்’ என்ற ஆவணப்படத்தைப் பார்த்தேன். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட படம் அது. பாடசாலையில் உடற்கல்வி கற்பிப்பவன், மாலையானால் ஊர்க் கழகத்தின் மைதானத்தில் நிற்பவன் என்பதால், “மாமா, இது ஒரு மல்யுத்த வீரரைப் பற்றிய படம்” என்று சொல்லித்தான் மருமகன் அதைப் போட்டான். பாதியிலேயே அவன் உறங்கிவிட்டான். நான் விடியும்வரை விழித்திருந்தேன். அதன் பின்னர் தனியே இருந்து இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நியூட்டவுன் ஸ்குவயர் என்னும் இடத்தில், ஃபொக்ஸ்கச்சர் என்று அழைக்கப்பட்ட ஏறத்தாழ 800 ஏக்கர் பண்ணை. நிலமெங்கும் பனி கிடந்தது. பண்ணைக்குள் தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த வீட்டின் முன்னால், 36 வயதான டேவ் ஷுல்ட்ஸ் தமது காரின் வானொலியைத் திருத்திக்கொண்டிருந்தார். பண்ணையின் உரிமையாளரான ஜோன் டூ பொன்ட் தமது காரை ஓட்டிவந்து அங்கே நிறுத்தினார். பக்கத்து ஆசனத்தில் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் இருந்தார். டூ பொன்ட் கைத்துப்பாக்கியை எடுத்து டேவை மூன்று தடவை சுட்டார். சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்த மனைவி நான்சியின் கண்முன்னே கடைசிச் சூடு விழுந்தது. அவர்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள்.

டேவ் ஷுல்ட்ஸ் சாதாரண வீரர் அல்லர். 1983 இல் கியேவில் உலகச் சம்பியன். 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 74 கிலோ எடைப் பிரிவில் தங்கப் பதக்கம். அதே ஒலிம்பிக்கில் அவருடைய தம்பி மார்க் 82 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். சுடப்பட்ட நாளில் டேவ் அதே ஆண்டின் அட்லாண்டா ஒலிம்பிக்குக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

அந்தக் கார் வானொலி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதே ஜனவரியில், யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வந்த சனத்தால் கிளிநொச்சி நிறைந்திருந்தது. மின்சாரம் இல்லை, மின்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவனின் கை தளர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் சேர்ந்து தளரும். ஜூலை மாதக் கடைசியில், அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், இலங்கை இராணுவத்தின் சத்ஜெய படை நடவடிக்கை தொடங்கி எங்களை அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமாக நடக்க வைத்தது. அந்த ஒலிம்பிக்கில் இருந்திருக்க வேண்டிய ஒரு மனிதர் தமது வீட்டு வாசலில் வானொலியைத் திருத்தும்போது கொல்லப்பட்டார் என்ற செய்தி எங்களிடம் வந்து சேர வழியே இருக்கவில்லை. இருபதாண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட படமொன்றின் வழியாக அது இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

சுட்டவர் யார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டூ பொன்ட் குடும்பம் 1802 ஆம் ஆண்டு டெலவெயர் மாநிலத்தில் வெடிமருந்து செய்யத் தொடங்கிப் பணம் சேர்த்த குடும்பம். பின்னர் அந்த நிறுவனம் இரசாயன உற்பத்திக்கு மாறியது. 1935 இல் நைலோன் கண்டுபிடிக்கப்பட்டது அதன் ஆய்வுகூடத்தில்தான். முல்லைத்தீவுக் கரையில் காலையில் உதறிக் காயப்போடுகிற நைலோன் வலையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அந்தப் பெயரில்தான் போய் நிற்போம். வெடிமருந்தையும் வலையையும் எங்கள் மக்கள் எப்படி அறிந்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஜோன் டூ பொன்ட் எதையும் உழைத்துச் சேர்த்தவர் அல்லர், பிறப்பாலேயே பெற்றவர். கொலை நடந்த காலத்தில் அவருடைய சொத்து ஏறத்தாழ 20 கோடி டொலர் என்று மதிப்பிடப்பட்டது. அவர் சேகரிப்பதில் பெருவிருப்பு உடையவர். பறவைகளையும் சிப்பிகளையும் சேகரித்தார். டெலவெயரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பறவைகளைப் பற்றிய ஆய்வில் அவருடைய பெயர் உண்மையாகவே மதிக்கப்பட்டது. 1980 இல், பிரித்தானியக் கயானா வெளியிட்ட ஒரு சதப் பெறுமதியுள்ள முத்திரை ஒன்றை 9,35,000 டொலருக்கு வாங்கினார். உலகத்தில் அந்த முத்திரை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதன் பிறகு அவர் சேகரிக்கத் தொடங்கியது மல்யுத்த வீரர்களை. கடுமையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். படத்தில் பண்ணையின் காட்சிகளைப் பார்க்கப் பார்க்க வேறு சொல் எனக்கு வரவில்லை. அவருடைய பண்ணையின் பெயர் பொறித்த உடையுடன் உலகச் சம்பியன்கள் வரிசையாக நிற்க, மல்யுத்தத்தில் எந்தத் தேர்ச்சியும் இல்லாத அவர் நடுவில் பயிற்றுநராக நிற்கிறார்.

அந்த வீரர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். அமெரிக்காவில் விளையாட்டுக்கென்று அமைச்சு இல்லை. ஒலிம்பிக் வீரருக்கு அரசாங்கம் படி கொடுப்பதில்லை. சோவியத் வீரர் அரசின் சம்பளத்தில் பயிற்சி செய்தார். உலகத்தையே வென்ற அமெரிக்க மல்யுத்த வீரர் வாடகைக்கும் பிள்ளைகளின் பாலுக்கும் வழி தேடிக்கொண்டு பயிற்சி செய்தார். கூடைப்பந்தில், குத்துச்சண்டையில் பணம் புரளும். மல்யுத்தத்தில் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தால் அதோடு சரி. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தமது நிலத்தில் முதல்தரமான பயிற்சிக் கூடத்தைக் கட்டி, வீடு கொடுத்து, மாதாந்தம் பணமும் கொடுத்து, “உங்கள் ஒலிம்பிக்கை மட்டும் நினையுங்கள்” என்று சொன்னால், எவர் மறுப்பார்? அவர் வீரர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அமெரிக்க மல்யுத்தச் சங்கத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் டொலர் கொடுத்தார். படியளப்பவரைத் தெய்வம் என்று சொல்லும் பழக்கம் எங்களிடமும் உண்டு. அந்தச் சங்கத்துக்கும் வீரர்களுக்கும் அவர் படியளந்தார்.

படத்தின் பெரும்பகுதி வீட்டு வீடியோக்களால் ஆனது. அந்தக் காலத்தில் டேவும் நான்சியும் தங்கள் கமராவில் பிடித்துவைத்தவை அவை. பிள்ளைகள் பனியில் உருளுகிறார்கள். விருந்துக்கு வந்த வீரர்கள் வரவேற்பறையில் ஒருவரையொருவர் மடக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். தாடி வைத்த டேவ், தமது கையை எப்படி நுழைக்க வேண்டும் என்று ஓர் இளைஞனுக்குப் பொறுமையாகக் காட்டுகிறார். அவர் ரஷ்ய மொழியைக் கற்று, தமது எதிராளிகளுடன் அவர்களுடைய மொழியிலேயே கதைத்தவர். சோவியத் நாட்டு மல்யுத்த இரசிகர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே கொண்டாடினார்கள். எதிராளி கேட்டால் தமது பிடியின் நுட்பத்தையும் சொல்லிக்கொடுப்பாராம். முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாகப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: வெற்றி பெற்றவர்கள் பலரைக் காணலாம், தமது வெற்றியின் வழியை மறைக்காமல் பிறர் கையில் வைக்கிறவரைக் காண்பது மிக அரிது.

அந்த வீடியோக்களைப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அல்பங்கள் மூன்று இருந்தன. இடப்பெயர்வுகள் ஒவ்வொன்றிலும் தலையணை உறைக்குள் வைத்துக் காவிக்கொண்டு திரிந்தோம். 2009 இல் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழி ஒன்றுக்குள் அவற்றை விட்டுவிட்டு வட்டுவாகல் பாலத்தால் வந்தோம். என் அண்ணன் நல்ல கரப்பந்தாட்ட வீரன். வலைக்கு மேலாக அவன் எழும்பி அடிக்கிற படம் ஒன்று அந்த அல்பத்தில் இருந்தது. இப்போது அவனும் இல்லை, அந்தப் படமும் இல்லை. அவன் எழும்பின உயரத்தை என் வாயால் சொல்லித்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. நான்சி தமது பிள்ளைகளுக்கு அப்பாவின் குரலையே காட்டலாம். இந்தப் படத்தை எடுத்தவர்கள் செய்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். இவ்வகைப் படங்கள் கொலைகாரனைச் சுற்றியே கமராவை நிறுத்துவது வழக்கம். இங்கே கொல்லப்பட்டவர் சிரிக்கிறார், கதைக்கிறார், பிள்ளையைத் தோளில் ஏற்றுகிறார். அதனால் அந்தப் பிற்பகல் வரும்போது, இறந்த வீரர் என்ற பெயரைக் கேட்பதுபோல் இல்லாமல், அயல்வீட்டுக்காரர் ஒருவரை இழந்ததுபோல் இருக்கிறது.

டூ பொன்டின் நோய் படிப்படியாக வெளிப்பட்டது. 1988 இல் தாயார் இறந்த பின்னர் அந்தப் பெரிய மாளிகையில் அவர் தனித்தார். தமது வீட்டுச் சுவர்களுக்குள் ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று நம்பினார். நிலத்துக்கு அடியில் சுரங்கம் இருக்கிறது என்று தேடுவித்தார். ஓட்டப் பயிற்சி இயந்திரங்களில் உள்ள கடிகாரங்கள் தம்மைக் காலத்தில் பின்னோக்கி இழுக்கின்றன என்று சொல்லி அந்த இயந்திரங்களை அகற்றுவித்தார். தம்மைத் தலாய் லாமா என்றார். இராணுவத்தின் பழைய கவச வாகனம் ஒன்றை வாங்கி, தமது நிலத்தில் ஓட்டித் திரிந்தார். கவச வாகனத்தின் சங்கிலிச் சத்தம் என்னவென்று எங்கள் ஊரில் பத்து வயதுக்கு மேற்பட்டிருந்த எவரும் அன்று அறிவார்கள். அது வந்தால் ஊர் எழும்பி ஓடும். அங்கே ஒரு தனி மனிதர் விளையாட்டுப் பொருளாக அதை வைத்திருந்தார், எவரும் ஓடவில்லை. 1995 இல் கறுப்பு நிறமே தமது பண்ணையில் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அவரைப் பிடித்தது. கறுப்பின வீரர்கள் மூவர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 1992 ஒலிம்பிக் சம்பியனான கெவின் ஜாக்சன். அதே ஆண்டு ஒக்ரோபரில், பயிற்சிக்கூடத்தில் நின்ற இன்னொரு வீரரை நோக்கி அவர் இயந்திரத் துப்பாக்கியை நீட்டிப் பண்ணையை விட்டுப் போகச் சொன்னார். அந்த வீரர் பொலிஸில் முறையிட்டார். எதுவும் நடக்கவில்லை. உள்ளூர்ப் பொலிஸார் துப்பாக்கிப் பயிற்சி செய்த இடம் டூ பொன்டின் பண்ணையிலேயே இருந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதற்கு அமெரிக்காவிலும் அம்பலம் ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்த முறைப்பாட்டுக்கும் கொலைக்கும் இடையில் மூன்று மாதங்கள் இருந்தன. மூன்று மாதம் என்பது காலபோகத்தில் விதைத்த நெல் குடலைப் பருவத்துக்கு வருகிற காலம். சிறிய அவகாசம் அல்ல. அந்த மூன்று மாதத்தில் யாராவது ஒருவர், அந்த மனிதரின் கையிலிருந்து ஆயுதங்களை எடுத்து, அவரை ஒரு மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கலாம். அவரைச் சுற்றி ஆட்கள் இல்லாமல் இல்லை. பாதுகாப்பு ஆலோசகர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அவருடைய அச்சமே வருமானம். சுவருக்குள் ஆள் இல்லை என்று சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. வேலையாட்கள் இருந்தார்கள், சட்டத்தரணிகள் இருந்தார்கள், உறவினர்கள் இருந்தார்கள். வீரர்களின் முறைப்பாடுகள் சங்கத்துக்கும் எட்டின. ஆனால் பணம் வந்துகொண்டேயிருந்தது, வீரர்கள் அந்தப் பண்ணையின் பெயர் பொறித்த உடையுடன் போட்டியிட்டுக்கொண்டேயிருந்தார்கள். இந்த இடத்தில் படம் போதாது என்பது என் எண்ணம். நண்பர்களையும் வீரர்களையும் அது நெடுநேரம் கேட்கிறது. பணத்தை வாங்கிய பெரிய கதிரைகளை நோக்கி இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.

டூ பொன்டை நான் ‘அவர்’ என்றே எழுதிவருகிறேன். அது மரியாதைக்காக அல்ல. அவர் கடுமையாக நோயுற்றிருந்தவர். வழக்கின்போது மருத்துவ நிபுணர்கள் அவருக்குக் கடும் சந்தேக மனச்சிதைவு நோய் இருந்ததைச் சொன்னார்கள். மனநோயை வைத்து ஒருவரை இகழ்வதற்கு வன்னியில் எவருக்கும் உரிமை இல்லை. 2009 க்குப் பிறகு எங்களில் எத்தனை பேர் இரவில் எழுந்து வேலியோரம் ஆள் நிற்கிறது என்றிருப்போம்? எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர், தமது வீட்டுத் தகரத்துக்கு மேல் ஆட்கள் நடக்கிறார்கள் என்று சொல்லிக் கத்தியோடு முற்றத்தில் இருந்தார். இரண்டு இரவு அயலவர்கள் மாறிமாறி அவருடன் விழித்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். கத்தியை அவருடைய மருமகள்தான், “மாமா, தேங்காய் உரிக்க வேணும், தாங்கோ” என்று கேட்டு வாங்கினாள். இன்று மாதாமாதம் மருந்து எடுத்துக்கொண்டு கச்சான் தோட்டம் செய்கிறார். அவரிடம் எவரும் சம்பளம் வாங்கவில்லை; அவருடைய வீட்டில் எவரும் வாடகையின்றிக் குடியிருக்கவில்லை. ஆகவே, “உனக்குச் சுகமில்லை, வா போவம்” என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல ஊரால் முடிந்தது. 800 ஏக்கருக்குள் அந்த வசனத்தைச் சொல்லக்கூடிய ஒருவரும் இருக்கவில்லை. ஏழைக்கு வந்தால் நோய். செல்வந்தருக்கு வந்தால் அதை வினோதப் பழக்கம் என்று சொல்லிச் சுற்றியிருப்பவர்கள் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். அவருடைய செல்வமே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சைக்கு நடுவே நின்றது. அதற்கு விலையாகப் போனது டேவின் உயிர்.

டேவ் ஏன் போகவில்லை என்று நான் பலமுறை யோசித்தேன். அவர் பயந்து இருந்தவர் அல்லர். டூ பொன்ட் நிலைகுலையும்போது பக்கத்தில் இருந்து கதைத்து ஆற்றக்கூடியவர் தாம்தான் என்று அவர் நம்பினார் என்றே படத்திலிருந்து எனக்குப் படுகிறது. நான் போய்விட்டால் இவரை யார் பார்ப்பது, இங்குள்ள மற்றப் பெடியன்களை யார் பார்ப்பது என்று எண்ணுகிற சுபாவம் அவருடையது. அதோடு, அட்லாண்டாவுக்கு இன்னும் ஆறு மாதம்தான். ஆறு மாதம் பொறுத்தால் இன்னொரு ஒலிம்பிக். ‘கொஞ்சம் பொறு’ என்ற அந்தக் கணக்கை நான் நன்றாக அறிவேன். ஏனென்றால் அதே கணக்கை நான் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இதையும் எழுதத்தான் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கழகத்தில் ஒரு பெடியன் இருந்தான். 1500 மீற்றர் ஓடுவான். அப்பா இல்லை, அம்மா கூலிக்குக் களை பிடுங்கப் போகிறவர். வெறுங்காலோடு ஓடி மாகாணம் வரை போனவன். வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் அவனுக்கு அனுசரணை வழங்க முன்வந்தார். சப்பாத்து வந்தது, சத்துணவுக்கு மாதாமாதம் காசு வந்தது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம், நானே கழகத்தின் சார்பில் நன்றிக் கடிதம் எழுதினேன். பிறகு அவர் அவனை இரவில் வீடியோ அழைப்பில் கூப்பிடத் தொடங்கினார். பத்து மணிக்கும் அழைப்பார், பதினொரு மணிக்கும் அழைப்பார். எடுக்காவிட்டால் மறுநாள் ஏச்சு. ஓடின நேரத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். குறைந்தால் அவனுடைய தாயைப் பற்றி அவதூறாகக் கதைப்பார். ஊருக்கு வந்து நின்ற மூன்று கிழமையும் அவனைத் தம்முடைய பையைத் தூக்க வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு திருமண வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால், அவனை எழும்பி முற்றத்தைச் சுற்றி ஓடிக்காட்டச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஓடினான். நான் அங்கே பந்தியில் இருந்தேன். கையில் சோறு இருந்தது. எழும்பவில்லை.

கழக நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒருவர் எடுத்தார். தலைவர் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “காசு நிண்டால் பெடியன்ர ஓட்டமும் நிண்டு போகும், சேர்” என்றார். அந்த அனுசரணையாளர் மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டுத் தருவதாகவும் சொல்லியிருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் பெடியனோடு கதைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாமரத்துக்குக் கீழே அவனை இருத்தி, “கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள், தம்பி. தேசிய மட்டம் முடியட்டும்” என்று சொன்னேன். அவன் “ஓம் சேர்” என்றான். தேசிய மட்டத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, பெட்டியோடு கழக அறையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் ஓடவில்லை.

எங்கள் ஊரில் எவரும் எவரையும் சுடவில்லை. அந்தக் கொலையோடு இதைச் சமப்படுத்த நான் வரவில்லை. அது டேவுக்கும் நான்சிக்கும் செய்கிற அநியாயம் ஆகும். புலம்பெயர்ந்த உறவுகள் பலர் தங்கள் வியர்வையில் இருந்து அனுப்பிய பணத்தில்தான் எங்கள் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்பதையும் மறக்கவில்லை. பெயரே சொல்லாமல் ஆண்டாண்டாகக் கொடுக்கிறவர்களை நான் அறிவேன். நான் பார்த்தது, அந்தப் பண்ணையில் டேவைச் சுற்றி இருந்தவர்களின் முகங்களை. கமராவுக்கு முன்னால் இருந்து, “நாங்கள் கண்டோம், ஆனால்…” என்று தொடங்கி நிறுத்துகிறவர்களின் முகங்களை. அந்த ‘ஆனால்’ எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். பந்தியில் இருந்து எழும்பாத கையில் இருந்து பிறக்கிறது.

மிகுதிக் கதையைச் சுருக்கிவிடலாம். சுட்ட பின்னர் டூ பொன்ட் மாளிகைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டார். இரண்டு நாட்கள் பொலிஸார் வெளியே காத்திருந்தார்கள். கடுங்குளிரில் வீட்டை வெப்பமாக்கும் ஏற்பாட்டை நிறுத்தியதும், அதைத் திருத்துவதற்காக ஜனவரி 28 ஆந் திகதி அவர் வெளியே வந்தபோது பிடித்தார்கள். 1997 பெப்ரவரி 25 அன்று, மனநோய் இருந்தாலும் குற்றவாளியே என்று நடுவர்கள் மூன்றாந்தரக் கொலைக்குத் தீர்ப்பளித்தார்கள். 13 முதல் 30 ஆண்டுகள் வரை சிறை. 2010 டிசம்பர் 9 அன்று, 72 வயதில், சிறையில் இறந்தார். சொத்தின் 80 வீதத்தை, பண்ணையில் பயிற்சி செய்த பல்கேரிய வீரர் வலன்ரின் யோர்தனோவுக்கும் அவருடைய குடும்பத்துக்கும் எழுதிவைத்திருந்தார். அட்லாண்டாவில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் யோர்தனோவ். டூ பொன்டின் விருப்பப்படி, ஃபொக்ஸ்கச்சர் மல்யுத்த உடையை அணிவித்தே அவரை அடக்கம் செய்தார்கள். எந்த உடையை வாங்கி வீரர்களுக்கு அணிவித்தாரோ, அந்த உடை மட்டும் கடைசிவரை அவரோடு போனது.

நான்சி அதே ஆண்டிலேயே கணவரின் பெயரில் மல்யுத்தக் கழகம் ஒன்றைத் தொடங்கி, பண்ணையை இழந்த வீரர்கள் அட்லாண்டாவுக்குப் போக வழிசெய்தார். டேவிடம் பயின்ற கேர்ட் ஆங்கிள் அந்த ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். கழுத்து எலும்பு முறிந்த நிலையிலேயே அவர் போட்டியிட்டார். கணவரின் இரத்தம் வாசற் பனியில் காயாத ஆண்டில், பிறர் பிள்ளைகளின் ஒலிம்பிக்குக்காக ஓடித் திரிந்த அந்தப் பெண்ணை நினைக்கும்போது, 2009 க்குப் பிறகு முகாமிலிருந்து வந்து, தகரக் கொட்டிலைக் கட்டி முடிக்க முதலே முன்பள்ளியைத் திறந்த எங்கள் ஊர்ப் பெண்கள் என் நினைவில் வருகிறார்கள்.

சென்ற மாதம் எங்கள் கழகத்துக்குப் புதிதாக ஓர் அனுசரணைக் கடிதம் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு உதவுவதாக எழுதியிருந்தார்கள். நல்ல மனத்தோடு எழுதிய கடிதம் என்றே தெரிகிறது. இந்தமுறை நான் கூட்டத்தில் எழுந்து நின்றேன். பணம் கழகத்தின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும், பிள்ளையின் கைக்கு நேரே போகக்கூடாது. அழைப்பது என்றால் பகலில், தாய் தகப்பன் பக்கத்தில் இருக்கும்போது. பிள்ளை வேண்டாம் என்றால் அன்றே நிறுத்தலாம், சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று பதில் எழுத வேண்டும் என்றேன். தலைவர் அண்ணை நெடுநேரம் எதுவும் பேசவில்லை. இவ்வளவு நிபந்தனை போட்டால் அவர்கள் வேறு கழகத்துக்குப் போய்விடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். போகலாம். இன்னும் பதில் வரவில்லை.

கடந்த சனிக்கிழமை, இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெடியன் அறுவடை இயந்திரத்தில் வேலைக்குப் போய்விட்டு, உமி அப்பிய சேர்ட்டோடு சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு நின்றான். இப்போது அவன் பெடியன் அல்ல; மீசை வைத்த இளைஞன். நான் அவனுக்குப் படத்தின் கதையைச் சொன்னேன். டேவ் யார், எப்படி ஓர் எதிராளிக்கும் சொல்லிக்கொடுப்பார், வானொலியைத் திருத்திக்கொண்டிருந்தபோது என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, “அண்டைக்கு நான் உன்னைப் பொறுத்துக்கொள் எண்டு சொன்னது பிழை, தம்பி” என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “வளைவில கோடு உள்ளுக்கு இழுபடுது, சேர்” என்று சொல்லி, என் கையிலிருந்த சுண்ணாம்பு வாளியை வாங்கிக்கொண்டு போய், கயிற்றைப் பிடிக்கச் சொன்னான். இருளும்வரை இரண்டு பேரும் ஆறு ஓடுபாதைகளையும் போட்டு முடித்தோம்.